கதவைச் சாத்தாத நாடகம்

(மலேசியாவின் சிலிம் ரிவரில், நாடகம் அரங்கேறுவதற்கு முந்தின நாள் மாலை பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். மழையிலும் வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். நாளை இரவு இதே மண்டபத்தில் எங்கள் நாடகம். ஒத்திகை இப்போதுதான் முடிந்தது. பிள்ளைகள் இன்னும் வேஷத்தைக்கூடக் கலைக்கவில்லை. அவர்கள் தேத்தண்ணீர் குடிக்கிற நேரத்தில், இந்த நாடகம் எதற்கு என்று என்னைச் சொல்லச் சொன்னார்கள்.

முதலில் நடிக்கிறவர்களைப் பற்றி. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர் ஒருவர். ஆஸ்பத்திரித் தாதி ஒருவர். ஆசிரியைகள் இரண்டு பேர். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வடை போடும் அக்கா ஒருவர். மற்றவர்கள் படிக்கிற பிள்ளைகள். பாதிப் பேர் மேடை ஏறுவது இதுதான் முதல் தடவை. நாடகத்தில் கிறிஸ்தவ உபதேசியாராக வருகிற தம்பி தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். செபமாலையை எப்படிப் பிடிப்பது, எந்த மணியில் எந்தச் செபம் என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். தோட்டத்தில் இது புதுசு இல்லை. லயம் என்றால் தொழிலாளர் வரிசை வீடுகள். தீபாவளிப் பலகாரம் எந்த லயத்துக்குப் போனதோ, அந்த லயத்திலிருந்து டிசம்பரில் பலகாரம் திரும்பி வரும். நாங்கள் வளர்ந்தது அப்படித்தான்.

கதை நடப்பது 1943, டிசம்பர் 24, இரவு. ஒரு ரப்பர் தோட்டத்து லயம். ஏன் அந்த ஒரு ராத்திரி என்று கேட்டார்கள். சொல்கிறேன்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் தோட்டத்துத் தமிழர்களைக் கொண்டுபோய், சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போட வைத்தான். சயாமில் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவில் தன்பியூசயாத் வரைக்கும் 415 கிலோமீட்டர். அந்தத் தண்டவாளத்தின் இரண்டு முனையும் வந்து சேர்ந்தது 1943 அக்டோபரில். நம் ஆட்களைக் கூட்டிப்போனபோது என்ன சொன்னார்கள்? மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இலவசம். சரி, ரயில் பாதை முடிந்தாயிற்று. மூன்று மாதமும் எப்போதோ முடிந்துவிட்டது. டிசம்பரில் அவர்கள் வீட்டில் இருந்திருக்க வேண்டும். ஆனால் பாதையைப் பராமரிக்க, விறகு வெட்ட, மண் சரிந்த இடத்தில் மறுபடி கல் போட என்று பெரும்பாலானவர்களை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். இங்கே இருந்த பெண்களுக்கு அது தெரியாது. ஆகவே அந்தக் கிறிஸ்துமஸ், வாசலைப் பார்த்துக்கொண்டே கழிந்த கிறிஸ்துமஸ். எங்கள் நாடகத்தில் போர் என்பது அவ்வளவுதான். துப்பாக்கி கிடையாது, ஜப்பான் சிப்பாய் வேஷம்கூடக் கிடையாது.

நம் ஊரில் நடந்த சண்டையை ஏன் போடவில்லை என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1942 ஜனவரி 7, விடியும் முன்னே பக்கத்துத் துரோலாக்கிலிருந்து ஜப்பானிய டாங்கிகள் இந்தச் சடக்கு வழியாகத்தான் வந்தன. சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. நாலே நாளில், ஜனவரி 11-ஆம் தேதி, கோலாலம்பூரும் போயிற்று. அதை ராணுவ வரலாற்றுக்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நம் வீடுகளில் பேசிய கதை அதற்குப் பிறகு தொடங்குகிறது.

இன்னொரு காரணம் நாடகக்காரி என்ற முறையில் எனக்கு முக்கியமானது. அதே ரயில் பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் நாடகம் போட்டார்கள். சிங்கப்பூரில் சாங்கி முகாமில் போட்டார்கள், சயாம் முகாம்களிலும் போட்டார்கள். சுங்காய் முகாமில் 1944-இல் மூங்கிலும் அத்தாப்பு ஓலையும் வைத்து அரங்கமே கட்டினார்கள். கொசுவலையைக் கிழித்து கவுன் தைத்தார்கள். ஆண்களே பெண் வேஷம் கட்டினார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் பாட்டும் வேடிக்கையும் சேர்ந்த நாடகம். நிகழ்ச்சித் தாள், வரைந்த படம், நாட்குறிப்பு எல்லாம் இன்றைக்கும் காட்சிக்கு இருக்கின்றன. அதைப் படித்தபோது எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. அவர் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். அரிச்சந்திர நாடகத்தில் சந்திரமதி வேஷம் கட்டி, லோகிதாசனை மடியில் போட்டு அழுதால் லயமே அழும். பசியோடு இருக்கிற மனிதன் சேலையோ கவுனோ கட்டிக்கொண்டு ஏன் மேடை ஏறுகிறான் என்று எனக்குப் புரியும். அந்தக் கைதிகளை நான் மனசாரக் கும்பிடுகிறேன்.

அப்புறம் நம் ஆட்கள் என்ன போட்டார்கள் என்று தேடினேன். தெம்மாங்கு பாடியிருப்பார்கள், ஒப்பாரி வைத்திருப்பார்கள். பாடாமல் நம் ஜனம் மண் சுமக்குமா? ஆனால் எழுதி வைக்க ஒருவரும் இல்லை. கைதிகளோடு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தார்கள், மருந்து இல்லாவிட்டாலும் ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். நம்மவர்களோடு யார் இருந்தார்கள்? 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தபோது கொட்டகை கொட்டகையாகச் சாய்ந்தார்கள். போர்க்கைதிகளில் இறந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்களை 90,000 வரை மதிப்பிடுகிறார்கள். சயாமில் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்து, கல்லில் பெயர் பொறித்து இருக்கின்றன. நம்மவர்களுக்கென்று அதே ஊரில் தமிழில் ஒரு நடுகல் வந்ததே 2023-இல்தான்.

எங்களிடம் நிகழ்ச்சித் தாள் இல்லை, நாட்குறிப்பு இல்லை. அதனால் முகாமுக்கு உள்ளே நாங்கள் போகவில்லை. தெரிந்ததை வைத்து லயத்திலேயே உட்கார்ந்துவிட்டோம்.

தெரிந்தது என்ன? அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்குதான் காலையும் இரவும். வாழை மரம் போட்ட ஜப்பான் நோட்டு கை நிறைய இருந்தாலும் வாங்க ஒன்றும் இல்லை. துணி இல்லாமல் கோணிச்சாக்கைக் கட்டினார்கள். ஆகவே மேடையில் உண்மையான கிழங்கையே அவிக்கிறோம். ஒத்திகையில் அந்த வாசம் பின்வரிசை வரை வந்தது. ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து வெளியே போனார். கோணி உடுப்பு போட்ட பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத்தில் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைத்துவிடலாம் என்றேன். வேண்டாம் டீச்சர், இப்படியே இருக்கட்டும் என்றார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நீங்கள் பார்க்கத்தான் போகிறீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். ஜப்பான்காரன் காலத்தில் கடிகாரமும் ஜப்பானுடையது. தோக்கியோ நேரம்தான் மலாயாவுக்கும். பழைய நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். பாதிரியார் வர வழியில்லாத லயத்தில், உபதேசியார்தான் நடுநிசிச் செபத்தை நடத்த வேண்டும். அவர் தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து, பன்னிரண்டு ஆகிவிட்டது, தொடங்கலாம் என்கிறார். ஒரு கிழவி எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். அவளுடைய மகன் சயாமில். இருட்டோடு எழுந்து மரம் வெட்டப் போனவள், வானத்தைப் பார்த்தே நேரம் சொல்லுவாள். வரிசையாக நிற்கிற அந்த மூன்று நட்சத்திரம் உச்சிக்கு வரட்டும், அதுதான் என் பாலன் பிறக்கிற நேரம் என்கிறாள். லயம் முழுக்க அவளோடு ஒன்றரை மணி நேரம் காத்திருக்கிறது. நம் நாடகத்தின் நடுப்பகுதி முழுக்க அந்தக் காத்திருப்புதான். அந்த நேரத்தில்தான் ஒவ்வொருத்தியும் பேசுகிறாள். கடிதம் வரவில்லை என்கிறாள் ஒருத்தி. தம்பி சயாமுக்குப் பிடித்துப் போவார்களோ என்று பயந்தே நேதாஜி படையில் சேர்ந்துவிட்டான் என்கிறாள் இன்னொருத்தி. புருஷன் போன வண்டி இந்த ஸ்டேஷனில் நிற்கவே இல்லை, பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து சத்தம் மட்டும் கேட்டது என்கிறாள் கடைசி வீட்டுக்காரி.

இதை எழுதிய பிறகு டிசம்பர் 24 நடுநிசி தாண்டி நானே வாசலில் போய்ப் பார்த்தேன். மேகம் விலகியிருந்தது. அந்த மூன்றும் நேர் உச்சியில்தான் நின்றன.

இன்னும் ஒன்று. ஆள் தானாகக் கிடைக்காமல் போனபோது எப்படிப் பிடித்தார்கள் என்பது உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டார்கள். கொட்டகை நிறைந்ததும் கதவைச் சாத்தினார்கள். ஆண்களைப் பிரித்து லோரியில் ஏற்றினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவன் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளாமல் சயாம் போனான். என் தாத்தா அப்படிப் போனவர். 1945-இல் போர் முடிந்த பிறகு திரும்பி வந்தார். அவருக்கு வாய்த்தது, நிறையப் பேருக்கு வாய்க்கவில்லை.

சயாமைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை. ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. தோட்டத்தில் கூத்து நடந்தாலும், வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டாலும், கல்யாணமே ஆனாலும், அவர் கதவு ஓரம்தான் உட்காருவார். மகன் சந்திரமதியாக நடிக்கும்போதும் அப்படித்தான். முன்னால் வாங்க தாத்தா என்று நான் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். வரமாட்டார். ஒரு காலை வாசப்படிக்கு வெளியே வைத்துக்கொண்டு, மகன் அழுகிற அழுகையை அங்கிருந்தே பார்ப்பார்.

எங்கள் நாடகத்தில் கதவு சாத்துகிற காட்சி வருகிறது. ஒரு பெண் அதை விவரிக்கிற நேரத்தில், இந்த மண்டபத்தின் பின்கதவை நிஜமாகவே அறைந்து சாத்துவது என்று முதலில் வைத்திருந்தோம். யோசனை சொன்னதே நான்தான். ஒத்திகையில் செய்தும் பார்த்தோம். தம்பிகள் இரண்டு பேர் இழுத்துச் சாத்தினார்கள். மண்டபமே அதிர்ந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாடகமாகப் பார்த்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. எனக்கு மட்டும் தாத்தாவின் கால் கண்ணில் வந்தது. அன்றைக்கே அதை எடுத்துவிட்டோம். இப்போது அந்தப் பெண் தன் உள்ளங்கையால் பலகையில் ஒரே ஒரு தட்டு தட்டுவாள், அவ்வளவுதான்.

ஆகவே நாளைக்கு நாடகம் தொடங்கி முடிகிற வரைக்கும் மூன்று கதவும் திறந்தே இருக்கும். டிசம்பர் மாதம், மழை வரும். சாரல் உள்ளே அடிக்கும். கதவு ஓரம் பத்து நாற்காலி போட்டிருக்கிறோம். அங்கேதான் உட்கார வேண்டும் என்று நினைக்கிற பெரியவர்கள் தாராளமாக உட்காருங்கள், போர்த்திக்கொள்ள ஒரு துண்டு கொண்டுவாருங்கள். நனையக்கூடாது என்கிறவர்கள் கொஞ்சம் சீக்கிரம் வந்து முன்வரிசையில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.