ஆல்பத்தில் இருக்கிற கேக்

நடுவர் ஐயா, எதிரணியினர், குன்னூர்ப் பெருமக்கள், எல்லாருக்கும் வணக்கம். குளிருகிறது, அதனால் வணக்கத்தை நீட்டவில்லை.

குழந்தையின் பிறந்தநாள் கொண்டாட்டம் யாருக்கு, குழந்தைக்கா பெற்றவர்களுக்கா என்று கேட்டிருக்கிறார்கள். பெற்றவர்களுக்கே! மூன்று வயதுக்கு முன்னால் நடந்தது எதுவும் பெரும்பாலும் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. ஒரு வயதுக்கு மண்டபம் பிடித்து விழா எடுத்தீர்களே, அந்தப் பிள்ளையிடம் பத்து வருஷம் கழித்துக் கேளுங்கள், ஆல்பத்தைப் புரட்டித்தான் பதில் சொல்லும். தன் விழாவையே ஆல்பத்தில் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஆளுக்கா விழா? என் வாதம் முடிந்தது ஐயா. மீதி நேரம் முழுக்க அந்த அம்மாவுக்குத்தான்.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியை அம்மா என்ன கேட்டார்? “இந்த அணியில் உட்கார்ந்திருக்கிற அப்பாக்கள், பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பலூன் ஊதியதைத் தவிர வேறென்ன செய்தார்கள்?” நீங்களும் கைதட்டினீர்கள். பெண்கள் பக்கம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

பலூன் என்றால் அவ்வளவு லேசா? அம்மா கோயம்புத்தூர்க்காரர். இ-பாஸ் எடுத்துக்கொண்டு நேற்றுத்தான் மலை ஏறியிருக்கிறார். அவருக்கு எங்கள் ஊர்ப் பலூன் தெரியாது.

என் மகளுக்கு முதல் பிறந்தநாள். என் மச்சான், அதாவது வீட்டுக்காரம்மாவின் தம்பி, மேட்டுப்பாளையத்தில் விலை குறைவு என்று பலூன்களை அங்கேயே மெஷினில் ஊதி, வேன் கொள்ளாமல் அடைத்துவிட்டார். முன்சீட்டில் டிரைவரும் அவரும். பின்னால் என் மாமியார், மடியில் குழந்தை, பக்கத்தில் நான். எங்கள் தலைக்கு மேலே, காலுக்குக் கீழே, எங்கு பார்த்தாலும் பலூன். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், அடைத்த காற்று விரியும். சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டு நிற்பதை நீங்களெல்லாம் பார்த்திருப்பீர்கள். மச்சான் பி.எஸ்சி. இயற்பியல். அதுதான் வேடிக்கை.

கல்லாறு தாண்டினோம். ‘டமால்!’ டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி நாலு டயரையும் தட்டிப் பார்த்தார். டயர் நன்றாக இருந்தது. மறுபடி கிளம்பினோம். அடுத்த வளைவில் ‘டமால்!’ மாமியார் ‘முருகா’ என்றார். அடுத்த வளைவில் ‘டமால்! டமால்!’ இந்த முறை இரண்டு முருகா. அது பலாப்பழ சீசன், பர்லியார் பக்கம் யானை நடமாட்டம். பின்னால் வந்த பஸ்காரர், யாரோ யானை விரட்ட வெடி போடுகிறார்கள் என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியதும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நிறுத்த, ‘யானை எங்கே, யானை எங்கே’ என்று ஜன்னலுக்கு ஜன்னல் தலை. என் மச்சான் இறங்கிப் போய் ‘யானை இல்லைங்க, பர்த்டே’ என்று ஒவ்வொரு வண்டியாகச் சொல்லிவிட்டு வந்தார் ஐயா! அவர் வந்து கதவைச் சாத்தினார். சாத்தின வேகத்தில் ‘டமால்!’

காட்டேரி தாண்டும்போது வேனில் இருந்தது ரப்பர் துண்டும் மாமியாரின் முறைப்பும்தான். குழந்தை? ஒவ்வொரு ‘டமாலுக்கும்’ கைதட்டிச் சிரித்தாள்.

இதோ எதிரணி எழுந்துவிட்டது, ‘பார்த்தீர்களா, மகிழ்ந்தது குழந்தைதானே!’ உட்காருங்கள் அம்மா. அவளுக்கு இப்போது ஏழு வயது. பலூன் கதையைச் சொன்னால் ‘எந்தப் பலூன்ப்பா?’ என்கிறாள். ஆனால் மாமியார் இன்றைக்கும் மச்சானைக் கண்டால் ‘டமால் வந்துட்டான்’ என்றுதான் சொல்கிறார். இப்போது சொல்லுங்கள், அந்தப் பிறந்தநாள் யாருடையது?

சரி, பலூனை விடுகிறேன். எனக்குப் பிறந்தநாள் கொண்டாடியதில்லை. இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. பிறப்பைப் பதிவு செய்யச் சட்டம் 1969-லேயே வந்துவிட்டது, எங்கள் லைனுக்கு வந்துசேர நாளாயிற்று. என் சான்றிதழில் இருப்பது பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதி.

என் அம்மாவுக்கு அந்தத் தேதி தெரியாது. அவருக்குத் தெரிந்தது, நான் பிறந்த காலையில் உறைபனி விழுந்து செடியெல்லாம் கருகிக் கிடந்தது. அதனால் ஒவ்வொரு வருஷமும் பனி விழுகிற முதல் காலைதான் என் பிறந்தநாள். செடி கருகினால் கொழுந்து இல்லை. கொழுந்து இல்லையென்றால் கிலோவுக்குக் கிடைக்கிற கூடுதல் காசும் இல்லை. கையில் காசே இல்லாத அந்த நாளில் கடனுக்கு வர்க்கி வாங்கி வந்து, டீயில் நனைத்து எனக்கு ஊட்டுவார். ஏன் என்று அவர் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை. என் மகளின் முதல் பிறந்தநாளில், பலூன் இல்லாத அந்த விழாவில், கேக்கின் முதல் துண்டைப் பேத்தியைத் தாண்டிக் கொண்டுவந்து என் வாயில் வைத்தார். “பனிக்குப் பொறந்தவனே, உனக்கும் இன்னைக்குத்தாண்டா” என்றார்.

அம்மா வந்திருக்கிறார். இரண்டாவது வரிசை, பச்சைச் சால்வை. நடுவர் ஐயா, பிறந்தநாள் குழந்தைக்குத்தான் என்று தீர்ப்பு எழுதியிருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.