எல் சென்ட்ரோவ 0.8ஆல பெருக்கிட்டா வேலை முடிஞ்சுதா?

(திரையில்: எல் சென்ட்ரோ அலைக்கோடு)

இந்தக் கோடு ஸ்ட்ரக்சுரல் படிச்ச எல்லாருக்கும் பழகின மூஞ்சி. 1940 மே 18, கலிஃபோர்னியாவுல எல் சென்ட்ரோங்கற ஊர்ல, நிலநடுக்கத்துல தரை எப்படி ஆடுச்சுங்கற பதிவு, அதாவது ரெக்கார்டு. தரையோட உச்ச முடுக்கம், அதாவது பிஜிஏ, 0.35 ஜி பக்கம் (ஜின்னா புவியீர்ப்பு முடுக்கம்). ஒரு கட்டடம் தாங்குமான்னு கம்ப்யூட்டர்ல ஆட்டிப் பாக்க நமக்கு 0.28 தான் வேணும்னா என்ன பண்றோம், ஃபைல்ல இருக்கற எல்லா நம்பரையும் 0.8ஆல பெருக்கிட்டு ஸ்கேலிங் முடிஞ்சுதுன்னு ரன் குடுத்துடறோம். நானும் பண்ணிருக்கேன்.

(திரையில்: மெக்சிகோ சிட்டி, எஸ்சிடிங்கற நிலநடுக்கப் பதிவு ஸ்டேஷன்)

இப்ப இதப் பாருங்க. 1985 செப்டம்பர் 19. நடுக்கம் வந்தது பசிபிக் கரையோரம், ஊர் 350 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு, பிஜிஏ வெறும் 0.17 ஜி, எல் சென்ட்ரோல பாதிதான். ஆனா கீழ இருக்கறது பழைய ஏரிக் களிமண்ணு, அது 2 செகண்டுக்கு ஒரு தடவைன்னு ஊஞ்சல் மாதிரி ஆட்டுது, அந்த 2 செகண்ட்ல ஸ்பெக்ட்ரம், அதாவது ஒரு தடவை ஆடி முடிக்க இவ்வளவு நேரம் எடுக்கற கட்டடம் எவ்வளவு முடுக்கம் வாங்கும்னு காட்டற கோடு, 1 ஜி கிட்ட ஏறி நிக்குது. குட்டி வீடுங்க பெருசா அடி வாங்கல, 6லேர்ந்து 15 மாடி வரைக்கும் இருந்ததுங்கதான் அதிகமா விழுந்துச்சு. பிஜிஏவ மட்டும் பாத்திருந்தா இது சாதுவான ரெக்கார்டுன்னு தள்ளி வெச்சிருப்போம்.

அதனால உச்சிய விட்டுட்டு நம்ம கட்டடத்தோட பீரியட, அதாவது அது ஒரு தடவை ஆடி முடிக்கற நேரத்த, பாக்கணும். அந்த பீரியட், அதாவது டி, 1 செகண்ட்னா அமெரிக்க வடிவமைப்பு விதிநூல் ஏஎஸ்சிஇ 7-16 கணக்குப்படி 0.2லேர்ந்து 2 செகண்ட் வரைக்கும் பாக்கணும், கீழ்ப்பக்கம் மேல் மோடுகளுக்காக, அதாவது கட்டடம் இன்னும் வேகமா வளைஞ்சு நெளிஞ்சு ஆடற விதங்களுக்காக, மேல்பக்கம் எதுக்குன்னா கட்டடம் விரிசல் விட்டு விறைப்பு கொறஞ்சதும் பீரியட் நீண்டுகிட்டே போகும். நான்லீனியர் அனாலிசிஸ்க்கு, அதாவது அந்த விரிசலையும் சேத்துப் போடற கணக்குக்கு, கொறஞ்சது 11 ரெக்கார்டு, அதுங்க சராசரி இந்த ரேஞ்சுல டார்கெட் ஸ்பெக்ட்ரத்துல, அதாவது டிசைனுக்கு எடுத்துக்கற ஸ்பெக்ட்ரத்துல, 90 சதவீதத்துக்குக் கீழ எங்கயும் எறங்கக் கூடாது.

(திரையில்: ஒரே அலை, ஆறு மடங்கு உயரம்)

பெருக்கினா உயரம் மட்டும்தான் மாறும், ஆட்டம் நீடிக்கற நேரம் மாறாது. சின்ன நடுக்கத்த ஆறால பெருக்கி பெரிய நடுக்கம்னு சொன்னா, பத்து செகண்ட்ல ஓய்ஞ்சு போற பெரிய நடுக்கம்தான் கெடைக்கும், அப்படி ஒண்ணு எங்க வரப் போகுது?

ஸ்பெக்ட்ரல் மேட்சிங்ல அலையோட வடிவத்தையே திருத்தி டார்கெட்டோட ஒட்ட வெச்சுடலாம். கிராஃப் அழகா வரும், எனக்கு அந்த அழகு மேலயே கொஞ்சம் சந்தேகம். ரெக்கார்டுக்கு ரெக்கார்டு இருக்கற ஏத்த எறக்கம் அதுல அடிபட்டுப் போயிடும், ஃபால்ட், அதாவது நிலப்பிளவு, பக்கத்துல வர்ற பெரிய பல்சும் (ஒரே பெரிய தள்ளு) கவனிக்கலன்னா செதைஞ்சுடும்.

அப்புறம் சாதா ஸ்கேலிங்ல, ஒரே ரெக்கார்டோட ரெண்டு கிடைமட்ட திசைக்கும் ஒரே நம்பர்தான் போடணும், எக்ஸுக்கு 1.2, ஒய்க்கு 1.9னு போட்டா அந்த நடுக்கம் எந்தப் பக்கம் தள்ளுச்சுங்கறதே மாறிடும்.