ஆறு டேப்லெட், ஒரே ஒரு பிளக் பாயின்ட்

வணக்கம் மக்களே! பின்னால் குக்கர் விசில் அடித்தால் கண்டுகொள்ளாதீர்கள், அம்மா சமையல். அல்சூர் ஏரி வீடியோ அடுத்த வாரம்தான். இன்று நான் கடுப்பிலும் இருக்கிறேன், பயங்கர சந்தோஷத்திலும் இருக்கிறேன்.

நான் சனிக்கிழமை போகும் டியூஷன் சென்டர் தெரியும்தானே? மாடியில் தகர ஷீட் போட்ட அந்த அறை. போன வருஷம் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து ஆறு டேப்லெட் கொடுத்தார்கள். பேனர் கட்டி, போட்டோ எடுத்து, சமோசா கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து ஆறும் பீரோவுக்குள். ஏன்? அந்த அறையில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயின்ட்! அதிலும் டேபிள் ஃபேன் ஓடுகிறது. தகர ஷீட்டுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு எவன் ஃபேனைப் பிடுங்குவான்?

நேராக எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு போனேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 650 ரூபாய் என்றார் கடைக்காரர். நான் கன்னடத்தில் பேரம் பேச, அவர் தமிழில் மறுக்க, கடைசியில் 480. வெற்றி! ஆனால் இரண்டு கடை தள்ளி அதே பாக்ஸ் 450. எனக்கு அந்த முப்பது ரூபாய் இன்னும் ஆறவில்லை. விலை கேட்டிருக்கவே கூடாது.

சரி, டேப்லெட்டில் என்ன போட்டேன்? வீடியோ ஆப் எதுவும் இல்லை, எனக்கு அது ஆகாது. ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் என்று நம்ம பெங்களூரு அமைப்பு, லாப நோக்கமில்லாதது, 2015இல் தொடங்கிய கதைத் தளம். படிக்கக் காசு இல்லை. இறக்கி வைத்துக்கொண்டால் அப்புறம் நெட்டும் வேண்டாம். எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டுவிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம்.

அட, முக்கியமானதைச் சொல்லவே இல்லை! இந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். தமிழ் எழுத்து பாதிப் பேருக்குத் தெரியாது. ஸ்டோரிவீவரில் ஒரே கதை இரண்டு மொழியிலும் கிடைக்கிறது. நான்கு படிநிலைகள் உண்டு. முதல் படியில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். ஒரு டேப்லெட்டில் கன்னடம், பக்கத்திலேயே இன்னொன்றில் தமிழ். நாலாங்கிளாஸ் பெண் ஒருத்தி கன்னடத்தில் படித்துவிட்டுத் தமிழ்ப் பக்கத்தில் விரலை வைத்து, "அண்ணா, அப்போ இதுதான் 'யானை'யா?" என்றாள். 650 ரூபாயே கொடுத்திருக்கலாம்!

உடனே கமெண்டில், கருவியைக் கொடுத்தால் போதும், பிள்ளைகள் தாங்களே கற்றுக்கொள்வார்கள் என்று டெல்லிக் கதையை எடுத்து வராதீர்கள். 1999இல் சுகதா மித்ரா என்ற கல்வி ஆய்வாளர் அங்கே கல்காஜியில் சுவரில் கம்ப்யூட்டரைப் பதித்தார், குடிசைப் பகுதிப் பிள்ளைகள் தாங்களே இயக்கப் பழகினார்கள், சரி. மௌஸ் பிடிக்கத் தானாக வரும். 'யா'வுக்கும் 'பா'வுக்கும் வித்தியாசம் தானாக வராது. பக்கத்தில் ஒரு அக்கா உட்கார வேண்டும். எங்கள் சென்டர் அக்கா முதல் நாளே மூன்று பேருக்கு ஒரு டேப்லெட் என்று சொல்லிவிட்டார். ஆளுக்கொன்று கொடுத்தால் அறை அமைதியாகிவிடுமாம். மூன்று பேர் என்றால் சண்டை, அந்தச் சண்டையில் ஒருத்தன் சத்தமாகப் படித்துக் காட்டியே ஆக வேண்டும்.

ஆறாவது டேப்லெட் மட்டும் சார்ஜ் ஏறவில்லை. கேபிளா பேட்டரியா தெரியவில்லை. மறுபடியும் எஸ்.பி. ரோடுதான், இந்த முறை அந்த 450 ரூபாய்க் கடைக்கு.