சந்தேகங்களுக்கு விளக்கம்: கடலடியில் கிடக்கும் கப்பலின் நீளம் படத்தில் தெரியுமா?

அனைவருக்கும் வணக்கம். மேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி அனுப்பியிருக்கும் கேள்வி, படித்த நாள் முதல் என்னை விடாமல் துரத்துகிறது. "டைட்டானிக் கப்பலை 2022இல் 7 லட்சத்துக்கும் அதிகமான படங்கள் எடுத்து முப்பரிமாண மாதிரியாக்கினார்கள் என்று சென்ற பதிவில் சொன்னீர்கள், ஐயா. வெறும் படங்களிலிருந்து நீள அகலம் எப்படிக் கிடைக்கிறது? கடல் இல்லாத மதுரையில் இதைப் பழக முடியுமா?" என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்கு என் விடை, கிடைப்பதில்லை என்பதே. படங்களிலிருந்து கிடைப்பது வடிவம் மட்டும். மரப்பலகையில் உள்ள ஓர் ஆணித்தலையை வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த படங்களில் மென்பொருள் அடையாளம் கண்டு, அந்த ஆணியும் கேமராவும் ஒன்றுக்கொன்று எங்கே இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. இப்படி லட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்தே மாதிரி உருவாகிறது. ஒவ்வொரு புள்ளியும் குறைந்தது மூன்று படங்களிலாவது விழ வேண்டும் என்பதற்காகத்தான், அடுத்தடுத்த படங்கள் 70 முதல் 80 சதவீதம் வரை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கப்பல் 10 மீட்டரா 100 மீட்டரா என்பது மென்பொருளுக்குத் தெரியாது. திருமலை நாயக்கர் மகாலின் தூணை, பக்கத்தில் ஆளே இல்லாமல் படமெடுத்துக் காட்டினால், அது மகால் தூணா, தமுக்கம் பொருட்காட்சியில் அட்டையில் செய்து நிறுத்திய தூணா என்று நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?

ஆகவே நீளம் தெரிந்த சட்டங்களைக் கடலடியில் ஆங்காங்கே வைத்துப் படமெடுக்க வேண்டும். அளவுச் சட்டம் இல்லாத மாதிரி அழகான பொம்மை என்று நான் சொல்லிச் சொல்லி உங்களுக்கு அலுத்திருக்கும். இருந்தாலும் இன்னும் ஒரு முறை சொல்கிறேன், ஏனென்றால் நீருக்குள் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. தட்டைக் கண்ணாடி வழியாக நீருக்குள் பார்க்கும்போது ஒளி விலகுவதால், பொருள்கள் இருக்கும் தூரத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு அருகில் இருப்பதுபோலத் தோன்றும். இதைக் குறைக்கவே கேமராவின் முன் அரைக்கோளக் கண்ணாடி பொருத்துகிறார்கள். லென்ஸின் அளவுத் திருத்தத்தையும் கரையில் செய்யாமல் நீருக்குள்ளேயே செய்கிறார்கள். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு நிறம் மங்கிவிடுவதால் விளக்கு வேண்டும். அந்த விளக்கை லென்ஸுக்கு அருகிலேயே பிடித்தால் மிதக்கும் தூசி எல்லாம் பளிச்சிட்டுப் படம் பாழாகும் என்பதால், கை நீட்டும் தூரத்துக்கு விலக்கிப் பிடிக்க வேண்டும்.

இவ்வளவு தொல்லைக்கு நாடாவைப் பிடித்து அளந்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அதற்கு நேரம் போதாது. 30 மீட்டர் ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவர், மேலேறும் வழியில் நின்று நின்று வரும் கட்டாயம் இல்லாமல் திரும்ப வேண்டுமானால், அடியில் சுமார் 20 நிமிடம்தான் இருக்கலாம். நமக்குப் பக்கத்தில், இலங்கையின் தென்கரையில் கொடவாய அருகே ஈராயிரம் ஆண்டுப் பழமையான கப்பல் கிடப்பதும் ஏறத்தாழ அந்த ஆழத்தில்தான். கடலடித் தொல்லியலாளர் ஜார்ஜ் பாஸ் 1960களில் துருக்கியின் யாஸி அடா தீவருகே மூழ்கிய கப்பலை, ஒரே இடத்தை இரு கோணங்களில் எடுத்த இரட்டைப் படங்களால் அளவெடுக்கத் துணிந்ததற்கும், 1964இல் அஷேரா என்ற சிறு நீர்மூழ்கியில் இரு கேமராக்களைப் பொருத்தியதற்கும் இந்த நேர நெருக்கடிதான் காரணம்.

ஆனால் மாணவி கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது: அதே இடத்தை அடுத்த ஆண்டு மறுபடியும் படமெடுத்தால் என்ன தெரியும்? கடலடியில் அசையாத குறிகளைப் பதித்து, இரண்டு முறையும் அவற்றையே ஆதாரமாகக் கொண்டு மாதிரி செய்தால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மணல் எங்கே அரித்தது, இழுவலை எந்தப் பலகையைப் பெயர்த்தது என்பதையெல்லாம் காணலாம். அளவு பிசகியிருந்தால், நகராத பலகையும் நகர்ந்ததாகத் தெரியும். கப்பலைக் காப்பாற்ற வேண்டியவர்களுக்கு ஒற்றை மாதிரியைவிட இந்த வேறுபாடே அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

இனி, மதுரையில் பழகுவதைப் பற்றி. தாராளமாகப் பழகலாம், கடலைவிட இங்கே ஒரு வசதியும் உண்டு. மானாமதுரைப் பானைகள் நாலைந்தை, அனுமதி பெற்று, நீச்சல் குளத்தின் ஆழம் குறைந்த பகுதியில் அளவுச் சட்டங்களோடு இறக்குங்கள். அனுபவமுள்ள ஒருவர் கரையில் நிற்கட்டும். மாதிரி செய்தபின் பானையை வெளியே எடுத்து நேரடியாக அளந்து, கணினி சொன்னது சரிதானா என்று உடனே சோதிக்கலாம். கடலடிக் கப்பலில் இது நடக்காது. பிறகு பானைகளைத் திரும்ப அடுக்கி ஒரு முறை படமெடுத்து, ஒரே ஒரு பானையை விரல் அகலம் நகர்த்தி மறுபடியும் எடுங்கள். அந்த நகர்வு உங்கள் மாதிரியில் தெரிந்ததா இல்லையா என்பதை எழுதி அனுப்பினால், அடுத்த பதிவில் அதை வைத்தே பேசுகிறேன்.