சோய் சுங்ஹொன்: நான்கு மன்னர்களை அரியணை ஏற்றிய தளபதி

வணக்கம் நண்பர்களே. கொரியாவின் இடைக்கால வரலாறு என்றதும் மங்கோலியப் படையெடுப்பைப் பற்றித்தான் பலரும் பேசுவார்கள். இன்று அதற்குச் சற்று முந்தைய காலத்துக்குப் போவோம். அரியணையில் ஒருநாளும் அமராமல் நான்கு மன்னர்களை அதில் அமர்த்திய சோய் சுங்ஹொன் என்ற தளபதியின் வாழ்க்கையை, ஆட்சிக்கு வந்த ஆண்டிலேயே அவர் மன்னரிடம் அளித்த ஒரு மனுவோடு ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறேன்.

முதலில் பின்னணி. அப்போது கொரியாவை ஆண்ட கொர்யோ அரசில் எழுத்தறிந்த அதிகாரிகளே உயர்ந்தவர்களாகக் கருதப்பட்டார்கள். படைத்தலைவர்கள் அவர்களுடைய ஏளனத்தைப் பொறுத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். 1170-இல் வயது முதிர்ந்த ஒரு தளபதியை மன்னரின் கண்ணெதிரே ஓர் அதிகாரி கன்னத்தில் அறைந்தபோது அந்தப் பொறுமை தீர்ந்தது. அதிகாரிகள் கொன்று குவிக்கப்பட்டார்கள். மன்னர் உய்ஜோங் கோஜே தீவுக்கு அனுப்பப்பட்டு, அவருடைய தம்பி மியோங்ஜோங் முடிசூட்டப்பட்டார். ஆனால் வென்ற தளபதிகளும் நிலைக்கவில்லை. ஒருவரை ஒருவர் கொன்று தீர்த்தபின், உப்பு விற்பவரின் மகனாகப் பிறந்த யி உய்மின் அதிகாரத்தைப் பிடித்தார். நாடுகடத்தப்பட்ட உய்ஜோங்கை 1173-இல் முதுகெலும்பை முறித்துக் கொன்றவர் இவர்தான்.

சோய் சுங்ஹொன் 1149-இல் ஒரு தளபதியின் மகனாகப் பிறந்தார். எழுத்தராகப் பணியைத் தொடங்கி, 1174-இல் மூண்ட கிளர்ச்சியை அடக்கும் போரில் பெயர் பெற்றார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. அவரை அதிகாரத்துக்குக் கொண்டுவந்தது, நம்பினால் நம்புங்கள், ஒரு புறாத் தகராறு. யி உய்மினின் மகன், சுங்ஹொன்னின் தம்பி சுங்சுவின் வீட்டிலிருந்து புறாவைப் பறித்துக்கொண்டான். கேட்கப்போன சுங்சு அவமானப்பட்டுத் திரும்பினார். தம்பியின் கோபத்துக்கு முதலில் தயங்கிய அண்ணன், 1196-இல் அவருடன் சேர்ந்து மித்தா மலையிலிருந்த மாளிகைக்கு வெளியே யி உய்மினை வழிமறித்தார். தம்பியின் வாள் குறிதவறியது. அண்ணனுடைய வாள் தவறவில்லை.

மன்னரிடம் பத்து அம்சங்கள் கொண்ட மனுவை அவர்கள் அளித்தது இதற்குப் பின்னர்தான். தேவைக்கு மேற்பட்ட அதிகாரிகளைக் குறைக்க வேண்டும், செல்வாக்குள்ளவர்கள் பறித்த நிலங்களை உரியவர்களிடம் திருப்பித் தர வேண்டும், துறவிகளை அரண்மனைக்குள் விடக்கூடாது, அதிகாரிகளின் ஆடம்பர மாளிகைகளைத் தடைசெய்ய வேண்டும், மன்னரைக் கண்டிக்கத் துணிபவர்களையே ஆலோசனைப் பதவிகளில் நியமிக்க வேண்டும் என்றெல்லாம் அது கேட்டது. ஒவ்வொன்றும் நியாயமான கோரிக்கை என்பதே என் கருத்து. எழுதியவரே அவற்றை எப்படி நடத்தினார் என்பதில்தான் சிக்கல்.

மறு ஆண்டே மியோங்ஜோங்கை நீக்கிவிட்டு அவருடைய தம்பி சின்ஜோங்கை அமர்த்தினார்கள். தன் மகளைப் பட்டத்து இளவரசருக்கு மணமுடித்துவைக்க சுங்சு முனைந்தபோது, தலைநகர் கேகியோங்கின் தெருக்களில் சகோதரர்களின் படைகள் மோதின. தப்பியோடிய தம்பி கொல்லப்பட்டார். அவருடைய தலையைக் கொண்டுவந்து காட்டியபோது, உயிரோடு பிடிக்கத்தானே நினைத்தேன் என்று அண்ணன் அழுததாக வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது.

1198-இல் எதிர்ப்பு அவருடைய வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. அவருடைய அடிமையான மன்ஜொக், மலையில் விறகு வெட்ட வந்த மற்ற அடிமைகளைத் திரட்டி, அமைச்சர்களும் தளபதிகளும் பிறப்பிலேயே அப்படி வருகிறார்களா என்று கேட்டார். எசமானர்களைக் கொன்று அடிமைப் பதிவேடுகளை எரிப்பது அவர்களுடைய திட்டம். உப்பு வணிகரின் மகன் நாட்டையே ஆண்டதைப் பார்த்த தலைமுறைக்கு அந்தக் கேள்வி எழாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. உடனிருந்த ஓர் அடிமை காட்டிக்கொடுத்தார். நூறு பேருக்கு மேல் ஆற்றில் வீசப்பட்டார்கள்.

முந்தைய தளபதிகள் வாளோடு நின்றுவிட்டார்கள். சுங்ஹொன் அதை ஒரு நிர்வாகமாக்கினார். இதனால்தான் அவருடைய ஆட்சி நீடித்தது என்று நினைக்கிறேன். 1200-இல் தோபாங் என்ற தனிக் காவல்படையை ஆறு குழுக்களாகப் பிரித்து முறைவைத்துத் தன் வீட்டைக் காக்க வைத்தார். 1209-இல் கொலைச் சதியை விசாரிக்கத் தொடங்கிய கியோஜோங் தோகம் என்ற அலுவலகம், பின்னர் கலைக்கப்படாமல் நாட்டின் உச்ச அதிகாரமாகவே மாறியது. அதிகாரிகளின் நியமனங்களை அவர் வீட்டிலிருந்தே முடிவுசெய்தார், மன்னர் தலையசைத்தார். ஆடம்பர மாளிகைகளைக் கண்டித்து மனு எழுதிய அதே மனிதர், நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளை இடித்து அரண்மனைக்கு நிகரான மாளிகை கட்டிக்கொண்டார்.

1211-இல், சின்ஜோங்குக்குப் பின் அரியணையில் இருந்த அவருடைய மகன் ஹுய்ஜோங் துணிந்துவிட்டார். அரண்மனைக்கு வந்த சுங்ஹொன்னின் ஆட்களை உணவு தருவதாகச் சொல்லி உள்ளே அழைத்துச் சென்று, ஆயுதமேந்திய துறவிகள் தாக்கினார்கள். காப்பாற்றும்படி சுங்ஹொன் மன்னரின் கதவைத் தட்டியபோது உள்ளிருந்து பதில் வரவில்லை. ஓர் அறையில் ஒளிந்திருந்த அவரைத் துறவிகள் மூன்று முறை தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை; அவருடைய ஆட்கள் வந்து மீட்டார்கள். ஹுய்ஜோங் நீக்கப்பட்டார். அரியணை காங்ஜோங்குக்கும், 1213-இல் அவர் இறந்தபின் கோஜோங்குக்கும் போனது. இத்தனைக்குப் பிறகும் தானே முடிசூட அவர் முயலவில்லை. மன்னரைக் கொன்ற பழியோடு யி உய்மின் அழிந்ததைக் கண்டவர், நீக்கிய இரண்டு மன்னர்களையும் உயிரோடு விட்டுவைத்தார்.

1219-இல் நோயுற்று இறந்தபோதும் படுக்கையைச் சுற்றிச் சதி இருந்தது. இளைய மகன் ஹியாங்கின் ஆதரவாளர்கள் மூத்த மகன் சோய் உவைக் கொல்ல முயன்று தோற்றார்கள். பதவிக்கு வந்த சோய் உ, தந்தை சேர்த்துவைத்த தங்கத்தையும் வெள்ளியையும் மன்னரிடம் ஒப்படைத்து, தந்தை பறித்திருந்த நிலங்களையும் அடிமைகளையும் உரியவர்களிடம் திருப்பித் தந்தார். 1196-ஆம் ஆண்டு மனு கேட்டதும் அதைத்தான். ஆனால் மகன் அதைச் செய்தது மக்களின் ஆதரவைச் சேர்ப்பதற்காக. அந்தக் குடும்பத்தின் ஆட்சி 1258 வரை நீடித்தது. மங்கோலியருக்கு அஞ்சி 1232-இல் அரசவையையே கங்ஹ்வா தீவுக்கு மாற்றிய சோய் உவின் கதையை அடுத்த காணொளியில் பார்க்கலாம்.