பழைய கம்ப்யூட்டரைக் கழித்துக்கட்டும் முன்: விண்டோஸ் 10-க்குப் பிறகு என்ன செய்யலாம்?

[திரையில்: பரிசோதனைச் செயலி காட்டும் செய்தி. "இந்தக் கணினி விண்டோஸ் 11-க்கான தேவைகளை நிறைவு செய்யவில்லை."]

வணக்கம். இந்தச் செய்தியை உங்கள் கம்ப்யூட்டரிலும் பார்த்திருப்பீர்கள். நான் இப்போது கொருக்குப்பேட்டையில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், மின்கட்டணம் என்று காலையிலிருந்து இரவு வரை ஓய்வில்லாமல் ஓடுகிற கம்ப்யூட்டர் இது. கடை நடத்தும் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, இதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகத்தான் வாங்க வேண்டுமா?"

வேண்டாம். ஆனால் இப்படியே விட்டுவிடவும் கூடாது.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டரும் அணைந்துபோகவில்லை. அதனாலேயே பலரும், "ஒன்றும் ஆகவில்லையே" என்று இருந்துவிட்டார்கள். நின்றுபோனது மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2017-ஐ நினைவுபடுத்துகிறேன். அந்த ஆண்டு மே மாதத்தில் 'வான்னாகிரை' என்ற நாசவேலை நிரல் உலகம் முழுக்கப் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே முடங்கின. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. மாட்டியவை அதைப் போடாத கம்ப்யூட்டர்கள். யாரும் எதையும் கிளிக் செய்யாமலே அது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. "ஆன்டிவைரஸ் இருக்கிறதே" என்பீர்கள். இயங்குதளத்தில் இருக்கும் ஓட்டையை ஆன்டிவைரஸ் அடைக்காது.

இந்தக் கடையில் அது அக்காவின் கவலை மட்டும் இல்லை. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். தெருவில் பாதிப் பேரின் ஆதார் அட்டையும், பேங்க் பாஸ்புக்கும், சாதிச் சான்றிதழும் அதில் கிடக்கின்றன. அச்செடுத்து முடிந்ததும் அவற்றை அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். ஊர் நம்பி ஒப்படைத்த காகிதங்கள் அவை.

[திரையில்: பிராசஸரின் பெயர் தெரியும் பக்கம்.]

இந்தக் கம்ப்யூட்டரை விண்டோஸ் 11 ஏன் ஏற்கவில்லை? 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் என்ற நிபந்தனைகளை இது தாண்டிவிடுகிறது. மாட்டுவது பிராசஸரில். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, இவையும் இவற்றுக்குப் பிறகு வந்தவையும்தான் பொதுவாகப் பட்டியலில் இருக்கின்றன. இங்கே 'ஐ3-4150' என்று இருக்கிறது. கோட்டுக்குப் பின்னால் முதல் எண் 4, அதாவது நான்காம் தலைமுறை. 8100 என்றால் எட்டு. ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்: 10100 என்றால் பத்து.

பழைய கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். "ஐ7 பிராசஸர், மலிவு விலை" என்று விற்பார்கள். ஐ7-3770 மூன்றாம் தலைமுறை; விண்டோஸ் 11 பட்டியலில் அதற்கு இடமில்லை. எட்டாம் தலைமுறை ஐ3-க்கு இடம் உண்டு. ஐ3-யா ஐ7-ஆ என்பதை விட அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள்.

எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருந்தும் இதே செய்தி வருகிறதா? பெரும்பாலும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அணைத்து வைக்கப்பட்டிருக்கும். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் விசை அழுத்தித் திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய் இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி அதை இயக்குங்கள். நம்பகமான இயங்குதளத்தை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதியையும் பாருங்கள். அதற்கு ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்திருக்கும் விதம் ஜிபிடி முறையில் இருக்க வேண்டும்; பழைய எம்பிஆர் முறையில் இருந்தால், ஃபார்மட் செய்யாமலே ஜிபிடி-க்கு மாற்ற விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு பயாஸைத் தொடுங்கள். முறையான உரிமத்தோடு ஓடும் விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறக் காசு கிடையாது. உரிமம் இருப்பதுபோல் காட்ட "ஆக்டிவேட்டர்" என்று எதையோ ஓட்டித் தருகிறவர்களிடம் போகாதீர்கள். அதோடு வேறு என்ன உள்ளே வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

இனி அக்காவின் கம்ப்யூட்டர். நிபந்தனைகளைச் சுற்றிக்கொண்டு விண்டோஸ் 11-ஐ ஏற்றும் வழிகள் இருக்கின்றன. இணையம் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. நான் இந்தக் கடைக்கு அதைச் செய்ய மாட்டேன். அப்படி ஏற்றிய கம்ப்யூட்டருக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, சில பழைய பிராசஸர்களில் இயங்கவே மறுத்துவிட்டது. வீட்டில் பரிசோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் செய்யுங்கள். பிறர் பணம் கட்டும் கம்ப்யூட்டரில் வேண்டாம்.

தனிநபர்களுக்கென்று கூடுதல் பாதுகாப்புத் திருத்தத் திட்டம் ஒன்றையும் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இருந்தால் சேரலாம். ஆனால் 2026 அக்டோபர் 13 வரைதான் அது. மூச்சு விட அவகாசம் தரும், அவ்வளவே.

எனவே இணைய வேலைக்கு, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போடுவது என்று முடிவு செய்தோம். பயந்துவிடாதீர்கள். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸும் அவற்றில் வந்தது. வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் பல வீடுகளின் அலமாரியில் அந்த லேப்டாப்கள் இன்னமும் இருக்கும். அவற்றுக்கும் இதே வழிதான். மின்ட் 22-க்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள், பழைய கம்ப்யூட்டருக்கு அதுதான் இலகு.

அதை நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. அந்த நிலையிலேயே பிரிண்டரில் ஒரு பக்கம் எடுங்கள், ஸ்கேன் செய்யுங்கள், தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து நாலு வரி தட்டிப் பாருங்கள். கைரேகைக் கருவி வைத்திருப்பவர்கள் அதன் டிரைவர் லினக்ஸுக்கு உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டாலியில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது, அவர்களுக்கு விண்டோஸ் வேண்டும்.

[திரையில்: திறந்த கேபினெட்.]

இப்போது முக்கியமான வேலை. இந்தக் கம்ப்யூட்டரின் மந்தத்துக்குப் பிராசஸரைத் திட்டுகிறோம். டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள்: பிராசஸர் சும்மா இருக்கிறது, டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இழுத்துப் பிடிக்கிறது. அதற்குப் பதில், சுழலும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் ஆளே மாறிவிடும். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி தெரு நடக்கும் தூரம். 'இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி' என்று கேளுங்கள். குச்சி போல் இருக்கும் எம்.2 வகை இந்த மதர்போர்டில் ஏறாது. பில்லும் வாரன்டியும் இல்லாமல் வாங்காதீர்கள். கூடவே டிடிஆர்3 ரேம் இன்னொரு 4 ஜிபி. டிடிஆர்4 இதில் பொருந்தாது.

ரேமைக் கழற்றும்போது பாருங்கள், தங்க நிறமாக இருக்க வேண்டிய பற்கள் கறுத்துப்போயிருக்கின்றன. கொருக்குப்பேட்டை, ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கமெல்லாம் கடற்காற்று செய்யும் வேலை இது. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, திரும்பச் செருகுங்கள். திடீரென்று நின்றுபோகும் தொல்லை பல நேரங்களில் இதிலேயே தீர்ந்துவிடும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அதற்கெல்லாம் முன்பு கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்தோம். நகலெடுத்ததோடு விடாமல், வேறு கம்ப்யூட்டரில் செருகிச் சிலவற்றைத் திறந்தும் பார்த்தோம். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் எழுத்துருக்களை மறந்துவிடுகிறார்கள். வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் புரியாத ஆங்கில எழுத்துகள் நிற்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக எடுத்து வையுங்கள்.

பிறகு பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி மின்ட்டை நிறுவினோம். இப்படிச் செய்தால் தவறிப்போய்க்கூடப் பழைய டிஸ்க்கை அழிக்க முடியாது. முடிந்ததும் இரண்டையும் மாட்டினோம். கரண்ட் போகும் நேரமாகப் பார்த்து இதை ஆரம்பிக்காதீர்கள், யுபிஎஸ் இருக்கட்டும்.

அக்காவுக்கு, பக்கங்களை வடிவமைக்கும் பழைய விண்டோஸ் மென்பொருளான பேஜ்மேக்கர் வேண்டும். வருஷக்கணக்கில் சேர்த்த பத்திரிகை வடிவங்கள் அதில்தான் இருக்கின்றன. ஆகவே பழைய டிஸ்க்கில் விண்டோஸ் 10 அப்படியே இருக்கிறது. கம்ப்யூட்டரைப் போடும்போது எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தால் பத்திரிகை வேலை. இல்லாவிட்டால் மின்ட்டில் இணைய வேலை. விண்டோஸ் பக்கம் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரை முடக்கிவிட்டோம். இணையமே எட்டாததால் அந்தப் பக்கம் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிட்டது. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை அந்தப் பக்கம் செருகாமல் இருப்பது அக்காவின் பொறுப்பு.

ஒரு சின்னச் சிக்கல் வரும், சொல்லிவிடுகிறேன். மின்ட்டில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. இணையம் இல்லாததால் தானாகத் திருந்தவும் வழியில்லை. timedatectl set-local-rtc 1 என்ற ஒற்றை வரிக் கட்டளையை மின்ட்டின் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், ஒருமுறை தட்டுங்கள். பிறகு விண்டோஸில் நேரத்தை ஒருமுறை கையால் சரி செய்யுங்கள், அதற்கப்புறம் மாறாது.