சப்பை மூக்குன்னா எது சப்பை?

வணக்கம் மக்களே! முகம் வரையறவங்களுக்கும் கதையில ஆளை வர்ணிக்கறவங்களுக்கும் இந்த வீடியோ. இன்னைக்கு மூக்கு.

"சப்பை மூக்கு"ன்னு எழுதிட்டுப் போயிடறோம். எது சப்பை? புருவ நடுவுல தண்டு தாழ்ந்து கிடக்கா, இல்ல நுனி அமுங்கி மடல், அதாவது துவாரத்தோட வெளிப்பக்கச் சதை, ரெண்டும் விரிஞ்சிருக்கா? ரெண்டும் வேற வேற முகம். அதனால தண்டு, நுனி, மடல்னு பிரிச்சுப் பாருங்க.

தண்டை பக்கவாட்டுல பார்த்தாத்தான் பிடிபடும். நடுவுல புடைச்சு நுனி கீழ வளைஞ்சா கிளிமூக்கு. நேரா இறங்கி நுனி மெலிஞ்சா கூர்மூக்கு. எடுப்பான மூக்குன்னா தண்டு உயரம்னுதான் அர்த்தம், நீளம்னு இல்ல. நுனி உருண்டு தடிச்சா குடமிளகா மூக்கு. அது கேலிப் பேச்சு, பாத்திரத்தோட வாயில வைங்க, கதை சொல்றவர் வாயில வேணாம்.

மடலுக்கு ஒரு சோதனை: கண்ணோட உள்முனையில இருந்து நேர் கீழ கோடு இழுங்க. மடல் கோட்டைத் தொட்டா நடுத்தரம், தாண்டினா அகலம்.

அடுத்து எள்ளுப்பூ நாசி. கூர்மையான மூக்குன்னு நினைச்சு எழுதறாங்க. செடியில தொங்கற பூவைப் பாருங்க: காம்புப் பக்கம் ஒடுக்கம், வாய்ப் பக்கம் மெல்ல விரியும். ஒல்லித் தண்டு, லேசா விரிஞ்ச மடல், அவ்வளவுதான். சிற்ப மரபுல முகம் ஒரு தாளம், அதாவது 12 அங்குலம்: நெற்றி 4, மூக்கு 4, மூக்கடியில இருந்து மோவாய் வரை 4. இது டேப்புல இருக்கற இன்ச் இல்ல, சிலையோட உயரத்தைப் பொறுத்து மாறும். மூக்கை நீட்டினா மத்த ரெண்டுல ஒண்ணு குறுகும். வரையறப்போ நெற்றி காணாம போறது இதனாலதான்.

மோவாய்க்கு மாங்கொட்டை, உதட்டுக்குக் கோவைப்பழம்னு அதே மரபு சொல்லும். மோவாயும் தாடையும் ஒண்ணு இல்லீங்க. மோவாய் நுனி, தாடை காதுவரைக்கும் போற எலும்பு.

செல்ஃபியைப் பார்த்து வரையாதீங்க. ஒரு அடி தூரத்துல எடுத்தா மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமா தெரியும்னு 2018-ல வந்த ஒரு ஆய்வு கணக்குப் போட்டிருக்கு. 5 அடி தள்ளி வச்சு ஜூம் பண்ணுங்க, கேமரா மூக்கு மட்டத்துல இருக்கட்டும். கீழ இருந்து எடுத்தா துவாரம்தான் முகம் பூரா தெரியும்.